பெரியநாயகியும் பரூர்ப் பாளையக்காரரும்

பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் உறங்கிய பழுப்பு நிலக்கரிக்காக 1956-ஆம் ஆண்டில் ஒரு கழகத்தை நிறுவி, வயல்களும் சிற்றூர்களும் இருந்த நிலத்தில் வட்டம் வட்டமாக வீடுகளை எழுப்பிய நெய்வேலி நகரியத்திலே, நூறாண்டு கண்ட ஒரு கோபுரத்தையோ மணிக்கூண்டையோ தேடுவது வீண் வேலை. பழமை வேண்டுவோர் விருத்தாசலம் பேருந்தில் ஏற வேண்டும், நானும் ஏறினேன். முந்திரித் தோப்புகளைக் கடந்து, விருத்தாசலத்தில் வேறு பேருந்து மாறி, மங்கலம்பேட்டைப் பக்கமாகச் சென்றால் கோணான்குப்பம் வரும்.

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணி என்னும் காவியத்தை இயற்றிய வீரமாமுனிவர் இவ்வூரில் எழுப்பிய கோயிலுக்கு முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயரின் ஆதரவே மூலபலம். முனிவர் இளைப்பாறிய வேளையில் சிறுவர்கள் ஒளித்து வைத்த மாதா சொரூபம், மகப்பேறின்றி வருந்திய கச்சிராயரிடம் பின்னர் வெளிப்பட்டு அவருக்குப் பிள்ளைவரம் தந்ததென்றும், அந்த நன்றியால் அவர் கோயிலுக்குத் துணைநின்றார் என்றும் செவிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு பக்தி என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நவாபு சந்தா சாகிபிடம் முனிவர் திவானாக இருந்தார் என்ற கதையை ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுவதில் நியாயம் உண்டென்றே கருதுகிறேன். பரூர்க் கதைக்குரிய உள்ளூர் மணம் அதற்கு இல்லை.

இந்த மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலம் பழமலைநாதர் ஆலயத்து அம்மைக்கும் அதே திருநாமம். தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் ஓர் உருவத்தை வரையச் செய்து, அதன்படி மணிலா நகரில் சிலை செதுக்குவித்து முனிவர் வரவழைத்தார் என்பது மரபு. கிறிஸ்தவரல்லாத ஒரு சிற்றரசர், தம் குலதெய்வத்தை விட்டுவிடாமலே, பிறநாட்டுத் துறவியின் கோயிலுக்கும் புரவலராக நிற்க முடிந்த காலம் அது. அவருக்கு அது மதமாற்றத்தின் வாசலாக அன்றி, தம் எல்லைக்குள் எழுந்தருளிய மற்றொரு தாய்க்குச் செய்யும் ராஜதர்மமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயரை வருத்திய ராஜபிளவையை முனிவர் குணப்படுத்தியதாகவும், அதற்குக் கைம்மாறாக அவர் 175 ஏக்கர் நிலத்தைத் தானமளித்ததாகவும் அங்கே கூறுவர். ஏலாக்குறிச்சியில் அரசரின் கொடை நிலத்தோடு நின்றது. கோணான்குப்பத்திலோ கச்சிராயர் குடும்பத்தார் தேர்த்திருவிழாவில் முன்னிற்கும் வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் வரியும் அதிகாரமும் போயின. இம்மரியாதையை எந்தச் சட்டமும் தொடவில்லை.

தேரைக் காண விரும்புவோர் சனவரி 23-ஆம் தேதியை ஒட்டிச் செல்ல வேண்டும். அம்மையின் முகத்தை அருகிலிருந்து நிதானமாகக் காண விரும்புவோர், அந்த நாளைத் தவிர்த்து வேறு எந்த நாளிலும் செல்லலாம்.