இடத்தையும் வலத்தையும்

தமிழ் கற்பிக்கிறவர் வீட்டில் ஈயம் உருகும் வாடை ஏன் வருகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சென்ற ஆவணியிலிருந்து எங்கள் கூடத்தின் பாதி பட்டறையாகிவிட்டது. தம்பி மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு மாணவன். அவனும் பெரியப்பாவுமாக நாங்கள் இருவரும் ஒரு வண்டி கட்டினோம். ஒன்றரை அடி நீளம், மூன்றரைக் கிலோ எடை, உப்பிய நான்கு டயர்கள், ரேடியோ அலையால் ஓட்டப்படுவது, மேடுபள்ளத்துக்கென்றே செய்யப்பட்டது. பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும் என்பதால் வண்டி என்றே எழுதுகிறோம்.

இதற்கு ஒரு மூதாதை உண்டு. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987இல் கிளாட் பஸ்டர் என்றொரு வண்டியை வெளியிட்டது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும். அந்தப் பெயரைத் தமிழாக்கினால் ‘கட்டியுடைப்பான்’ என்று வரும். உழவுக்குப் பின் பரம்படித்துக் கட்டி உடைக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் எத்தனை நெருக்கமானது! வைத்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டு அச்சுப்பெட்டிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. ஒன்றை முன்னோக்கியும் மற்றதைத் திருப்பிப் பின்னோக்கியும் வைக்கிறோம். ஆகவே இரண்டு மோட்டாரும் ஒரே பக்கம் சுழன்றால் வண்டி தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். ஒன்றின் கம்பிகளை மாற்றிப் போடவேண்டும். பிறகு இன்னொரு கேள்வி: தொடர் இணைப்பா, பக்க இணைப்பா? இரண்டையும் செய்துபார்த்தோம். தொடர் இணைப்பில் இரண்டு மோட்டார்களிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். முன்சக்கரம் வரப்பில் ஏறி அந்தரத்தில் சுற்றத் தொடங்கியதும் அந்த மின்னோட்டம் சரிந்துவிடுகிறது. மண்ணில் நிற்கிற பின்சக்கரமும் கூடவே சோர்ந்துபோகிறது. பக்க இணைப்பில் ஒன்றின் ஆட்டம் மற்றதைத் தீண்டுவதில்லை. பாட்டரி சீக்கிரம் தீரும், வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டி கொதிக்கும், ஆனால் வண்டி ஏறிவிடும். நாங்கள் பக்க இணைப்பையே கொண்டோம்.

வண்டியை ஓடவிட்ட இடம் எங்கள் நான்கு ஏக்கர் புஞ்சை. இந்த ஆண்டு அதில் விதைக்கவில்லை. வடக்கிலும் மேற்கிலும் நிலங்கள் சூரியமின் தகடுகளுக்குப் போய்விட்டன; எங்களுடையதையும் கேட்டு இரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தார்கள். தம்பிக்குக் கடன் இருக்கிறது. பட்டா அய்யா பெயரில் இருக்கிறது. எண்பத்தொரு வயதில் அவர் கையெழுத்து மாட்டேன் என்று சொல்லவில்லை, எதுவுமே சொல்லவில்லை. புரட்டாசி மானாவாரி விதைப்புக் காலத்தில் கம்பு, உளுந்து என்று வாய் ஓயாமல் பேசுகிறவர், ஒரு மாதமாகத் தம்பியோடும் எங்களோடும் பேச்சை நிறுத்தியிருந்தார். பேரனோடு மட்டும் புஞ்சைக்கு வருவார். கையில் பழைய தார்க்குச்சி இருக்கும்.

மோட்டார்களைப் பழைய சாமான்களிலிருந்து தேற்றியிருந்தோம். அளவு ஒன்று, வயது வேறு. வண்டி ஓடைக்கரை ஏற்றத்தில் பாதிவரை போய் நின்றுவிடும். அய்யா இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை பேரனிடம் கேட்டார்:

“ஏலே, ரெண்டும் சோடி இல்ல போலயே?”

“ரெண்டும் ஒரே மோட்டார்தான் தாத்தா.”

“சத்தம் வேற வேறயால்ல கேக்கு. முன்னது மூச்சு வாங்குது.”

அளந்து பார்த்தான். பாரமில்லாமல் சுற்றும்போதே முன்மோட்டார் மற்றதைவிட ஏறக்குறைய இருமடங்கு மின்னோட்டம் குடித்தது. பிரஷ் தேய்ந்திருந்தது. அன்றிலிருந்து அய்யா முன்னதற்கு இடத்தை என்றும் பின்னதற்கு வலத்தை என்றும் பெயர் வைத்துவிட்டார். ஏரில் இடப்பக்கம் பூட்டுகிற மாடு இடத்தை, வலப்பக்கம் பூட்டுகிறது வலத்தை. நாங்கள் கடைசிச் சோடியை விற்றது 2004இல். வகுப்பில் இச்சொற்களைக் கேட்டால் விழிக்கிற பிள்ளைகளே இன்று மிகுதி. இவன் ஒரே நாளில் அவற்றைச் சரளமாகப் புழங்கத் தொடங்கினான்.

“சோடி சேராட்டா என்ன செய்வீங்க தாத்தா?”

“நொகத்துல கயித்த நட்டநடுவுல கட்டமாட்டோம். வலுவான மாட்டுப்பக்கம் ரெண்டு வெரக்கட தள்ளிக் கட்டணும். பாரம் அதுக்குக் கூடும், மத்தது பொழச்சுக்கிடும்.”

இது நெம்புகோல் தத்துவமன்றி வேறில்லை. பையன் சற்று நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டரியைக் கழற்றிப் பின் அச்சை நோக்கி இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டினான். வலுவான மோட்டாரின் சக்கரங்களில் எடை கூடிற்று, பிடிப்பும் கூடிற்று. வண்டி கரையேறியது. அய்யா தார்க்குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

ஐப்பசியில் மழை வந்தது. மழை கண்ட கரிசல் வேறு பிறவி. இந்த மண்ணின் களி நீரைக் குடித்து உப்பும்; காய்ந்தால் சுருங்கி, கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பத்தடி ஓடுவதற்குள் சக்கரங்கள் நான்கும் உருண்டைகளாகிவிட்டன. வீட்டுத் தராசில் வைத்தால் ஐந்து கிலோவுக்குமேல் காட்டிற்று. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய பிரக்யான் ஊர்தியை இங்கே நினைத்துக்கொண்டோம். ஆறு சக்கரம், ஆறுக்கும் தனித்தனி மோட்டார். ஏறக்குறைய 100 மீட்டர் ஓடியது. அதற்கு முன், 1970இல் சோவியத் நாடு இறக்கிய லூனாகோத் எட்டுச் சக்கரத்தோடு சுமார் 10 கிலோமீட்டர் திரிந்தது. நிலவு மண்ணைப்போன்ற ஒன்றை நாமக்கல் மாவட்டத்துப் பாறைகளிலிருந்து பொடித்தெடுத்துத்தான் நம்மவர்கள் சோதனை செய்தார்கள். ஆனால் நிலவில் மழை பெய்வதில்லை. மழைக்கு மறுநாள் கரிசலில் ஓட்டிக்காட்டச் சொல்லவேண்டும் என்றான் பையன். சற்றே அதிகம்தான், இருந்தாலும் ஊர்ப்பற்று.

“பதம் வரட்டும்டே” என்றார் அய்யா. நான்காம் நாள் காலில் மண் ஒட்டாத பதம் வந்தது. அன்று வண்டியை முன்னே விட்டு, நான்கு எல்லையையும் ஒரு சுற்று நடந்தார். வடகிழக்கு மூலையில் வன்னிமரத்தடியில் பேரனை நிறுத்தி, எங்கே நீர் தேங்கும், எந்தத் துண்டில் பருத்தி நன்றாக வரும், எந்த இடத்தில் அவருடைய அய்யா பாம்பு கடித்து விழுந்தார் என்றெல்லாம் சொன்னார். பையன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். நாங்கள் தள்ளி நின்றோம். எங்களுக்கு அவற்றில் பாதி புதிது.

தை பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டார். எவரும் அவரை வற்புறுத்தவில்லை; காரணமும் அவர் சொல்லவில்லை. பிற்பாடு அந்த நிலத்தைச் சுற்றி முள்கம்பி வந்துவிட்டது. வண்டி இப்போது ஓடை மணலில் ஓடுகிறது. முன்மோட்டாருக்குப் புது பிரஷ் போட்டாகிவிட்டது, பாட்டரியும் நடுவுக்கு வந்துவிட்டது. இடத்தை இன்னமும் அரை நொடி பிந்துகிறது என்கிறார் அய்யா. பினியன் சக்கரத்தில் ஒரு பல் கூட்டிப் பார்க்கலாமா என்று தாத்தாவும் பேரனும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.