வானலைக் களம்

நுழையும்முன்
விளையாட்டு என்றதும் திடலும் ஓட்டமும் நம் நினைவுக்கு வரும். ஓர் அறையில் அமர்ந்து, செவியையும் பொறுமையையும் துணையாகக் கொண்டு ஆடும் போட்டியும் உலகில் உண்டு. வானொலி ஆர்வலர் ஒருவரின் பட்டறிவாக அமைந்தது இக்கட்டுரை.

வணிக நோக்கமின்றி, கற்றலுக்காகவும் நட்புக்காகவும் உரிமம் பெற்று வானொலி அலைகளில் உரையாடுவோரை 'ஹாம்' என்று உலகம் அழைக்கிறது. நம் நாட்டில் அரசு நடத்தும் தேர்வில் தேறியோர்க்கு 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக்குறி வழங்கப்படுகிறது. வானலைகளில் அதுவே அவர்தம் பெயர். பிறப்பும் பதவியும் செல்வமும் அங்கு ஒலிப்பதில்லை. ஒரு சில எழுத்துகளும் எண்ணுமே ஒலிக்கின்றன. அந்த எளிமையே என்னை இத்துறைக்கு ஈர்த்தது. போட்டிகள் என்னை அதில் நிலைக்கச் செய்தன.

நாற்பத்தெட்டு மணி நேரம்

ஆர்வலர் வானொலிப் போட்டிகளுள் பெரிதும் புகழ்பெற்றது 'சி.க்யூ. வேர்ல்டு வைடு' போட்டி. குரல்வழிப் போட்டி அக்டோபர் இறுதியிலும், மோர்ஸ் குறியீட்டுப் போட்டி நவம்பர் இறுதியிலும் நடைபெறுகின்றன. நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை 5.30 மணிக்கு முடியும். 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் ஆகிய ஆறு அலைவரிசைகளில், இயன்ற அளவு மிகுதியான நிலையங்களுடன் தொடர்பு கொள்ள வேண்டும்.

'சி.க்யூ.' என்பது, 'கேட்போர் எவரேனும் மறுமொழி தருக' என்னும் பொது அழைப்பு. அதனைக் கேட்ட ஒருவர் தம் அழைப்புக்குறியைக் கூறுவார். அடுத்து, ஒலித்தெளிவைக் குறிக்கும் எண்ணும் மண்டல எண்ணும் பரிமாறப்படும். இப்போட்டிக்காக உலகம் 40 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இந்தியாவின் எண் 22. "ஐந்து, ஒன்பது, இருபத்திரண்டு" என்று நான் கூற, அவர் தம் எண்ணைக் கூற, நன்றியுடன் பேச்சு முடியும். சில நொடிகளே ஆகும் இவ்வுரையாடலை நூற்றுக்கணக்கான முறை, ஒவ்வொரு முறையும் புதிய மனிதரிடம், சலிப்பின்றி நிகழ்த்த வேண்டும்.

கணக்கு எளிது, ஆயினும் சுவையானது. வேறு கண்டத்து நிலையம் ஒன்றுக்கு 3 புள்ளிகள். அலைவரிசைதோறும் புதிதாகத் தொட்ட நாடும் மண்டலமும் ஒவ்வொரு பெருக்கி. ஒரே அலைவரிசையில் ஐரோப்பாவின் 100 நிலையங்களுடன் பேசினால் 300 புள்ளிகள். அவை 10 நாடுகளிலும் 3 மண்டலங்களிலும் அமைந்திருந்தால், 300ஐ 13ஆல் பெருக்க 3,900 கிடைக்கும். அதன்பின் பிரேசில் நாட்டு நிலையம் ஒன்று வாய்த்தால் புள்ளிகள் 303, பெருக்கிகள் 15, மொத்தம் 4,545. அந்த ஒரு குரலின் மதிப்பு 645! பேரொலிகளுக்கு அடியில் முனகும் மெல்லொலியைத் தேடி ஏன் அலைகிறோம் என்பது இப்போது விளங்கும்.

கதிரவன் வகுக்கும் வழி

குற்றலைகள் தொலைவிடம் செல்ல அயனிமண்டலமே துணை. தரைக்கு மேல் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கும் அம்மண்டலத்தின் மேலடுக்குகள், அலைகளை வளைத்து மீண்டும் மண்ணுக்கு அனுப்புகின்றன. கீழடுக்கோ பகலில் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை உறிஞ்சி, இரவில் மறைந்து வழிவிடுகிறது. எனவே பகலில் 10, 15 மீட்டர் அலைகளிலும், இரவில் 40, 80 மீட்டர் அலைகளிலும் எங்கள் தேடல் தொடரும். முற்பகலில் ஜப்பானும், பிற்பகல் சாய்ந்தபின் ஐரோப்பாவும் செவிக்கு எட்டும். வட அமெரிக்காவுக்கான குறுக்குவழி வடதுருவப் பகுதியை ஒட்டிச் செல்வதால் அலைகள் நலிந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் சில நிமிடங்கள் அவ்வாயில் திறக்கும்; விழித்திருப்போர்க்கே அது வாய்க்கும்.

கதிரவப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குகின்றன. அவை பெருகும் ஆண்டுகளில் 10 மீட்டர் அலை, திருவிழாக் கடைவீதி போல ஆரவாரிக்கும். சுருங்கும் ஆண்டுகளில் வெறிச்சோடும். 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகம் பதிவு செய்துவரும் அப்புள்ளிகளே எங்கள் வெற்றி தோல்வியையும் எழுதுகின்றன என்று எண்ணி வியந்திருக்கிறேன்.

தடைகள்

குரல்வழிப் போட்டி ஐப்பசியிலும், மோர்ஸ் போட்டி கார்த்திகையிலும் வருகின்றன. இரண்டும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். தொலைவில் மின்னும் ஒவ்வொரு மின்னலும் செவியில் வெடிக்கும். இடி அருகில் நெருங்கினால் ஆண்டெனாவின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வாளாவிருக்க வேண்டும். போட்டியின் கடிகாரமோ நமக்காக நிற்பதில்லை. மின்சாரம் நின்றால் பேட்டரி கைகொடுக்கும். ஆனால், மின்சாரம் இருக்கும்போதுதான் வேறொரு தொல்லை தொடங்கும். தெருவின் எல்.இ.டி. விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல், மெல்லிய குரல்களை மூடிவிடும்.

என் ஆண்டெனா, மாடியில் நட்ட மூங்கில் கழியிலிருந்து இருபுறமும் சரியும் கம்பி. 20 மீட்டர் அலைக்கு அதன் நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். என் கருவியின் ஆற்றல் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. உயர்ந்த கோபுரமும் பன்மடங்கு ஆற்றலும் உடையோர் அழைக்கும் களத்தில் என் குரல் எடுபடுவது அரிது. எல்லாரும் ஒருசேரக் கூவும்போது நானும் கூவிப் பயனில்லை. அவ்வாரவாரம் தணியும் அரைநொடியை அறிந்து அழைக்க வேண்டும். வலிமை குறைந்தவனுக்குக் காலமறிதலே கருவி என்பதை நான் இக்களத்தில் கற்றேன்.

வசதி வேறுபாட்டைக் களைந்து திறனை மட்டும் அளக்கும் முயற்சியும் உண்டு. 1990இல் சியாட்டிலில் தொடங்கிய உலக வானொலி அணிப் போட்டி அத்தகையது. 2018இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் இருவர் கொண்ட அணிகள், ஒரே வகை ஆண்டெனாக்களுடன் திறந்தவெளிகளில் போட்டியிட்டன. அணிதோறும் ஒரு நடுவர் உடனமர்ந்திருந்தார்.

நடுவர் இல்லா அறை

என் அறையில் நடுவர் இல்லை. ஒருமுறை, இரண்டாம் நாள் பின்னிரவில், ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மெல்லிய குரல் என்னை அழைத்தது. புதிய நாடு, புதிய மண்டலம். அழைப்புக்குறியின் இறுதி எழுத்து மட்டும் இரைச்சலில் கரைந்தது. என் கணினி, அறிந்த அழைப்புக்குறிகளின் பட்டியலிலிருந்து பொருத்தமான ஒன்றைக் காட்டியது. அதனை எழுதியிருக்கலாம், சரியாகவும் இருந்திருக்கலாம். ஆயினும், நான் கேட்கவில்லையே! மும்முறை மீண்டும் வினவினேன். குரல் தேய்ந்து மறைந்தது. பதிவேட்டில் அந்த வரி வெறுமையாகவே நின்றது.

போட்டிக்குப்பின் பதிவேடுகள் அனைத்தும் கணினியில் ஒப்பிடப்படும்; பிழையான தொடர்பு நீக்கப்பட்டுக் கூடுதல் புள்ளிகளும் கழிக்கப்படும். அவ்வச்சத்தால் மட்டும் நான் எழுதாமல் இருக்கவில்லை. கேட்டதை மட்டுமே கேட்டதாக எழுதுவது இக்கலையின் அறம். அது தவறினால் எஞ்சுவது எண்களின் பட்டியலே.

செவியின் பயன்

'பரிசு கிட்டாத போட்டிக்கு ஈரிரவு உறக்கம் துறக்க வேண்டுமா?' என்று நண்பர்கள் வினவுவதுண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று, அந்தமானிலிருந்து உலக ஆர்வலர்களுடன் தொடர்புகொள்ளப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, அக்குழுவினரின் கருவிகள் தீவுக்கும் நிலத்துக்கும் இடையே செய்திகளைச் சுமந்தன. நட்புக்காகப் பழகிய அதே செவிகள், காணாமற்போனோரின் பெயர்களைப் பிழையின்றிக் கேட்க வேண்டியிருந்தது. அந்நேரத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் கழிவது புள்ளியன்று. ஒரு குடும்பத்தின் நம்பிக்கை.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பேசுவதற்குக் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரலைப் பொறுமையுடன் கேட்கவும், கேட்டதைக் கேட்டவாறே உரைக்கவும் பயில்வது சிறு பேறன்று. என் பெயர் வெற்றியாளர் பட்டியலின் தலைப்பில் இடம்பெற்றதில்லை. எனினும், ஐப்பசி பிறந்ததும் மாடியேறி மூங்கில் கழியின் முடிச்சுகளை இறுக்கத் தவறியதில்லை.