விண்கப்பலுக்கு எரிபொருள் போடுவது எப்படி?

தலைப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நான் ராக்கெட் ஆள் இல்லை. புனேயில் ஒரு கம்பெனியில் கணக்கு வழக்கு பார்க்கிற சாதாரண ஆசாமி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு விண்கப்பல் ஓட்டுகிறேன் :-)

ஆட்டத்தின் பெயர் டிராவலர். அமெரிக்காவில் மார்க் மில்லர் எழுதி 1977-ல் வெளிவந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம். இரண்டு பகடை, பேப்பர், பென்சில் போதும். ஒருவர் கேப்டன், ஒருவர் பைலட், ஒருவர் எஞ்சினியர். நிலைமை இன்னது என்று நான் சொல்வேன், என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். சந்தேகமான இடத்தில் பகடையை உருட்டுவோம். அவ்வளவுதான்.

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, அவள்தான் கேப்டன். அஞ்சாம் மாடி அண்ணாச்சி மகனுக்குப் பதிமூன்று, பைலட். எஞ்சினியர் என் ஆபீஸ் நண்பரின் மகன், பத்து வயது வாண்டு. மூவரும் இங்கேயே பிறந்தவர்கள். தமிழில் பேசினால் புரியும், பதில் மட்டும் இந்தியிலோ இங்கிலீஷிலோ வரும். உங்கள் வீட்டுக் கதையும் இதுவாகத்தான் இருக்கும், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் முதல் விதியாக இதைச் சேர்த்தேன்: கப்பலுக்குள் தமிழில் சொன்னது மட்டும்தான் நடக்கும். டேங்க், என்ஜின் எல்லாம் அப்படியே இருக்கலாம், வாக்கியம் தமிழில் இருக்க வேண்டும்.

சண்டைக் காட்சி வந்தால் இந்த விதியால் பெரிய பயன் இல்லை. "சுடு", "ஓடு", "சரி" என்று ஒற்றை வார்த்தையில் முடிந்துவிடும். பேச்சு நீண்டது எரிபொருள் விஷயத்தில்தான். இந்த ஆட்டம் ஆடுகிற பலர் எரிபொருள் கணக்கு போர் என்று அதை விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது 200 டன் சரக்குக் கப்பல். எரிபொருள் ஹைட்ரஜன். ஒரு நட்சத்திரத்திலிருந்து பக்கத்து நட்சத்திரத்துக்கு ஒரு தாவல், அதற்கு ஒரு வாரம் ஆகும். ஒரு தாவலுக்கு 20 டன். என்ஜினும் விளக்கும் காற்றும் நான்கு வாரம் ஓட இன்னொரு 10 டன். டேங்க் மொத்தமே 30 டன்தான். அதாவது போவதற்கு மட்டும் எரிபொருள் உண்டு, திரும்பி வருவதற்குப் போன இடத்தில்தான் தேட வேண்டும். (வேலைக்கென்று ஊரை விட்டு வந்த நமக்கு இது புரியாதா என்ன!)

துறைமுகங்களுக்குத் தரம் உண்டு. ஏ, பி தரத்தில் சுத்திகரித்த எரிபொருள் கிடைக்கும், டன் 500 கிரெடிட். சி, டி தரத்தில் சுத்திகரிக்காதது மட்டும், டன் 100. ஈ தரம் என்றால் இறங்க ஒரு பாறைத் தளம் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. முழு டேங்க் நிரப்ப 15,000 எங்கே, 3,000 எங்கே? கப்பலோ கடனில் வாங்கியது, தவணை 40 வருஷம். நம் வீட்டு லோனே தேவலாம்.

மலிவானதைப் போட்டால் என்ன ஆகும்? 1981 பதிப்பின் கணக்குப்படி, தாவும்போது இரண்டு பகடை உருட்டி 13 வந்தால் கப்பல் தவறான இடத்துக்குப் போய்விடும். இரண்டு பகடையில் 12-க்கு மேல் விழாது. ஆகவே ஒழுங்காக இருப்பவனுக்கு ஆபத்தே இல்லை. சுத்திகரிக்காத எரிபொருள் என்றால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். கோளிலிருந்து அதன் விட்டத்தைப்போல் நூறு மடங்கு தூரம் விலகுவதற்குள் அவசரப்பட்டுத் தாவினால் ஐந்து கூட்ட வேண்டும். பூமிக்கு அது கிட்டத்தட்ட 12.75 லட்சம் கிலோமீட்டர்.

காசே இல்லாதவனுக்கும் வழி உண்டு. வியாழன் மாதிரி வாயுக் கோளின் மேல்மண்டலத்தை உரசிக்கொண்டு போய் ஹைட்ரஜனை அள்ளலாம். அல்லது தண்ணீரைப் பிரித்து எடுக்கலாம்.

"எல்லாம் கற்பனைதானே தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார். முழுக்க இல்லை. ஆட்டம் வெளிவந்த மறு வருஷமே, 1978-ல், சோவியத் யூனியனின் ப்ரோக்ரஸ்-1 ஆளில்லாக் கப்பல் சல்யூட்-6 நிலையத்துக்கு விண்வெளியிலேயே எரிபொருள் நிரப்பியது. அண்ணாச்சிக்குப் பணகுடி பக்கம், மகேந்திரகிரியைப் பார்த்து வளர்ந்தவர். இஸ்ரோ திரவ ஹைட்ரஜன் என்ஜினைச் சோதிக்கிற இடம் அது. மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய சரக்கு. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. நிறுத்திவிட்டார்கள். 2014 ஜனவரி 5-ல்தான் அது வெற்றிகரமாகப் பறந்தது. கசிந்தால் கிளம்பாதே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு கணக்கு. திரவ ஹைட்ரஜன் ரொம்ப லேசு. ஒரு டன் வைக்க சுமார் 14,000 லிட்டர் இடம் வேண்டும். எங்கள் அபார்ட்மெண்டுக்கு வரும் தண்ணீர் டேங்கர் 10,000 லிட்டர். முப்பது டன் என்றால் 42 டேங்கர்! எங்கள் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை லாரி நிற்பதைக் கற்பனை செய்யச் சொன்னேன். வாண்டு வாயைப் பிளந்தான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நல்ல கூலி என்று மருந்துச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஈ தரத் துறைமுகம் ஒன்றில் இறங்கியிருந்தார்கள். தாவலில் ஒரு வாரம், அங்கே ஒரு வாரம் போய், டேங்கில் 14 நாள் என்ஜின் ஓட மட்டும் எரிபொருள். வறண்ட கோள். முந்நூறு பேர், ஒரே ஒரு நீர்த்தேக்கம்.

மூன்று வழி. ஒன்று, ஆறு நாள் தூரத்தில் வியாழன் அளவு வாயுக் கோள். மேகமட்டத்தில் ஈர்ப்பு பூமியைப்போல் இரண்டரை மடங்கு, எங்கள் என்ஜின் தள்ளுவதோ ஒரு மடங்குதான். உரசும்போது வேகம் குறைந்தால் மேலே ஏறவே முடியாது. (1995 டிசம்பரில் வியாழனுக்குள் இறங்கிய கலிலியோவின் ஆய்வுக்கலம் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, சுமார் ஒரு மணி நேரம் தகவல் அனுப்பிவிட்டு அடங்கிப்போனது.) இரண்டு, பன்னிரண்டு நாள் தூரத்தில் யுரேனஸ் அளவு கோள். ஈர்ப்பு பூமியைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் கையிருப்பு இரண்டே நாள், தவணையும் தள்ளிப்போகும். மூன்று, நீர்த்தேக்கம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர். ஒரு தாவலுக்கு 1,80,000 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு இருபது லிட்டர் என்றால் அந்த ஊரின் ஒரு மாதத் தண்ணீர்.

"ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போயிடலாம், நம்மகிட்ட துப்பாக்கி இருக்கு" என்றான் பைலட்.

"திருட வேணாம். காசு குடுத்து வாங்கலாம்" என்றாள் கேப்டன்.

வாண்டு அதுவரை மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. முகம் சிவக்க எழுந்து நின்றான். "அவங்க காசு குடிக்க முடியாதுல்ல அக்கா? மே மாசம் டேங்கர் வரலை, நாம எப்படி இருந்தோம்? அவங்க தண்ணி அவங்களுக்கு வேணும்."

அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம். பாதித் தண்ணீர் எடுக்கலாமா, மருந்துக் கூலியைத் திருப்பிக் கொடுத்தால் ஊர்க்காரர்கள் சம்மதிப்பார்களா, பன்னிரண்டு நாளில் என்ஜின் மக்கர் பண்ணினால் என்ன செய்வது... அத்தனையும் தமிழில். தப்பும் தவறுமான தமிழ்தான். நான் திருத்தவில்லை, காபியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று ஓட்டு விழுந்தது. யுரேனஸ் அளவு கோள்.

உரசி அள்ள நான் வைத்த கணக்கு எட்டு. முதல் உருட்டலில் ஐந்து. யாரும் பேசவில்லை. இரண்டாவதில் ஒன்பது, டேங்க் நிறைந்தது. அள்ளியது சுத்திகரிக்காத சரக்கு, ஆகவே தாவலுக்கு ஒன்று கூட்டல். பைலட் உருட்டினான், பதினொன்று. கூட்டினால் பன்னிரண்டு. இன்னும் ஒன்று அதிகமாகியிருந்தால் கப்பல் எங்கே போயிருக்குமோ! கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஆஜி என்ன ஆச்சு என்று பார்க்க வந்துவிட்டார்.

அன்று ராத்திரி வாண்டு திருச்சியில் இருக்கும் பாட்டிக்கு அவனாகவே போன் போட்டு, இருபது நிமிஷம் கதை சொன்னானாம். பாட்டிக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. வழக்கமாக "நல்லா இருக்கேன்" என்பதோடு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிற பையன் அவன். நண்பர் மறுநாள் ஆபீஸில் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

எரிபொருள் கணக்கை நான் விடாததற்குக் காரணம் இதுதான். எல்லாம் தாராளமாக இருந்தால் "ஓகே, போகலாம்" என்று முடிந்துவிடும், அதற்கு எந்த மொழியும் போதும். பற்றாக்குறை வந்தால் கெஞ்ச வேண்டும், பேரம் பேச வேண்டும், நியாயம் கேட்க வேண்டும். அதற்கு வாக்கியம் வேண்டும். தமிழ் வகுப்பில் "பாடு, பாடினான், பாடுவான்" எழுதுகிற பிள்ளைக்கு, தமிழில் வாதாட ஒரு காரணம் நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஆட விண்கப்பலே வேண்டும் என்றில்லை. பாலைவனத்தில் லாரி, நடுக்கடலில் படகு, எதுவானாலும் சரி. டேங்கை மட்டும் முழுசாக நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.