எளிது என்னும் சொல்

ஒரு காரியம் மிக இலேசானது என்று கூற ஆங்கிலத்தில் அழகிய தொடர்கள் பல உள. ‘சைல்ட்ஸ் பிளே’ என்பர். அது குழந்தை விளையாட்டு. ‘பீஸ் ஒஃப் கேக்’ என்பர். அது ஒரு துண்டு கேக். நாமோ வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்தாற்போல என்போம்.

அயல்வீட்டுச் சிறுவன் ஒருநாள் கணக்கொன்றைக் கொண்டுவந்தான். ஒரு குழாய் தொட்டியை 3 மணித்தியாலத்தில் நிரப்பும்; மற்றது 6 மணித்தியாலத்தில் நிரப்பும். இரண்டையும் திறந்தால் எவ்வளவு நேரமாகும்? “இது பீஸ் ஒஃப் கேக் அல்லவா, தம்பி!” என்றோம். ஊக்கம் அளித்ததாகவே நமக்கு எண்ணம். அவன் தலைகுனிந்து சற்றுநேரம் இருந்துவிட்டுப் போய்விட்டான். பின்பு இரண்டு நாள் வரவில்லை.

அவன் தாயார்தாம் காரணத்தைச் சொன்னார். “அண்ணை, லேசான கணக்கே எனக்கு வரேல்லை, இனிக் கஷ்டமானது எப்பிடி வரும் எண்டு அழுகிறான்.”

நாம் திகைத்தோம். கடினமான கணக்கிலே தோற்றவனுக்கு வெட்கமில்லை; வென்றவனுக்குப் புகழுண்டு. எளிதென்று முன்னரே முத்திரையிட்ட கணக்கில் வென்றாற் புகழில்லை, தோற்றாலோ அவமானம். நாம் அச்சிறுவனுக்கு அளித்தது இதுவே.

கேக்கை உண்பது எளிதுதான். ரவையை வறுத்து, முட்டையை அடித்து, போறணையருகே காத்து நிற்பவருக்கு அது எளிதன்று. கணக்கை எப்போதோ கற்றுவிட்ட நாம் உண்பவர்; சிறுவனோ இப்போதுதான் மாக் குழைப்பவன்.

இத்தொடரின் வரலாறும் ஒன்றை உணர்த்துகிறது. 1930களில் அமெரிக்கக் கவிஞர் ஒக்டன் நாஷ் எழுத்தில் இடம்பெற்ற இது, 1939இல் தொடங்கிய உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படையினரிடையே பெருவழக்காயிற்று. அவர்கள் தாம் பறந்து செய்யும் பணியையே இவ்வாறு கூறினர். ஓடத்தில் இருப்பவன் சொல்லும் சொல் அது. கரையில் நிற்பவன் சொல்வதன்று.

மறுநாள் சிறுவனை அழைத்தோம். “தம்பி, இந்தக் கணக்கு எம்மையும் ஒருகாலத்தில் வருத்தியதுதான். ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொரு குழாயும் தொட்டியில் எத்தனை பங்கை நிரப்பும்? அதை மட்டும் பார்” என்றோம். மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என எழுதினான், கூட்டினான், பாதி வந்தது. “அப்ப இரண்டு மணித்தியாலம்!” என்று கூவினான்.

பின்னர் கொப்பியை மூடிக்கொண்டே, “இது பீஸ் ஒஃப் கேக்தானே, மாமா!” என்றான்.

இப்போது அதைச் சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது.