உறைமேல் எழுதிய பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் கூடுவார்கள். காபி வரும், தட்டு சுழலும், நான் பேசுவேன். புதுக்கோட்டையில் இசைத்தட்டு என்றால் இவரைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு பெயரை முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் பாதி புளுகு.

புளுகு பியானோவில் ஆரம்பித்தது. சென்னை மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருஷம், 1984-இல், அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டு எல்.பி. ரெக்கார்டு வாங்கினேன். இரண்டிலும் பீத்தோவனின் அதே ‘மூன்லைட்’ சோனாட்டா. ஒன்றில் வாசித்தவர் வில்ஹெல்ம் கெம்ப், மற்றதில் விளாடிமிர் ஹோரோவிட்ஸ். மேற்கத்திய சங்கீதத்தில் ஸ்வரம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறது. அதனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் விரலில் இருக்கிறது: எங்கே அழுத்துகிறார், எங்கே ஒரு இழை தாமதிக்கிறார் என்பதில். இதைத் திண்ணையில் அழகாக விளக்குவேன். “கெம்ப் தியானம், ஹோரோவிட்ஸ் மின்னல்” என்பேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரு ராத்திரி வீட்டில் யாரும் இல்லாதபோது இரண்டு தட்டையும் கலைத்து, லேபிளைப் பார்க்காமல் தடவி எடுத்துப் போட்டுக் கேட்டேன். மூன்று தடவை. இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். தியானமும் மின்னலும் உறையில்தான் இருந்தன. தட்டுகளை அதனதன் உறையில் போட்டு வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறும் அதையே பேசினேன்.

2007-இல் ஒரு செய்தி படித்தேன். ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோக் கலைஞரின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சி.டி.க்கள் வந்திருந்தன. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அவர் காலமான அடுத்த வருஷம் யாரோ ஒருவர் அதில் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட, திரையில் வேறொரு பியானோக்காரரின் பெயர் வந்து நின்றது. ஊரார் வாசித்ததையெல்லாம் அவருடைய கணவர் மனைவி பெயரில் விற்றிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, நிம்மதி. காது உள்ளவர்களே ஏமாந்திருக்கிறார்கள் அல்லவா!

நம் பழைய 78 சுழற்சித் தட்டுகளில் இதைவிட வசதி உண்டு. லேபிளில் பாடினவர் பெயர் இருக்கும், ராகம் இருக்கும். மிருதங்கம் யார் என்று பெரும்பாலும் இருக்காது. ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம். அதற்குள் யார் தட்டினால் என்ன என்று கம்பெனிக்காரன் நினைத்திருக்கலாம். அந்தக் காலி இடத்தில்தான் நான் குடியேறினேன்.

புதுக்கோட்டைக்காரனுக்கு மிருதங்கம் என்றால் சொந்தச் சொத்து. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை, அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, அந்த வழியில் பழனி சுப்பிரமணிய பிள்ளை. ‘புதுக்கோட்டை பாணி’ என்றே அதற்குப் பெயர். பழனி இடதுகைக்காரர். வலந்தலை இடது கையில், கனத்த ஒலி எழுப்பும் தொப்பிப் பக்கம் வலது கையில். அவருடைய தொப்பியில் எழும் கும்கி, கபாலத்துக்குள் யாரோ உருண்டையை உருட்டுகிற மாதிரி இருக்கும். இது உண்மை, இதை நான் காதாலேயே அறிவேன். ஆனால் கொஞ்சம் நல்ல மிருதங்கம் எந்தத் தட்டில் கேட்டாலும் “பழனி” என்று சொல்ல ஆரம்பித்தேன். சொன்னதோடு விடவில்லை. காகித உறைமேல் நீலப் பேனாவால் ‘மிருதங்கம்: பழனி’ என்று எழுதியும் வைத்தேன்.

வெளியூர்க்காரர்களைக் குடுமியான்மலைக்கு அழைத்துப்போகும்போதும் எனக்கு இதே வியாதிதான். குடைவரைக்குப் பக்கத்தில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டைக் காட்டி, “மகேந்திரவர்ம பல்லவன் வெட்டினது” என்று அடித்துச் சொல்வேன். ருத்ராசாரியரின் சீடனான ஒரு ராஜா என்றுதான் அதில் இருக்கிறது. ராஜாவின் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

சில வருஷத்துக்கு முன் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். மிருதங்கப் பாணிகள் பற்றி ஆய்வு. தானும் வாசிப்பவள். நான் ஒரு பழைய தட்டைப் போட்டேன். கரகரப்பு, தூரத்தில் ஒரு குரல், அதற்கும் பின்னால் மழைச்சொட்டு மாதிரி ஏதோ. “தொப்பியைக் கவனிம்மா. இடதுகைக்காரர் வாசிப்பு, கேட்டாலே தெரியும்” என்றேன். அவள் முன்னால் குனிந்து கேட்டாள். “எனக்குத் தொப்பி கேக்கல சார்” என்றாள். “கேக்கக் கேக்கப் பழகும்” என்றேன். உறையைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் தட்டைப் பற்றி அவள் எழுதிய பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். அது 1912-ஐ ஒட்டிய பதிவு. மைக் வருவதற்கு முந்தின காலம். பாடகர் தகரக் குழலுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியப் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். கனத்த கீழ் ஒலிகள் அதில் ஏறவே ஏறாது. தொப்பி எங்கிருந்து கேட்கும்? “பழனி பிறந்தது 1908-லம்மா, நாலு வயசுல வாசிச்சாரா?” என்று அவர் கேட்க, எதிரில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

“நீ என்ன சொன்னே?”

“நான்தான் சரியா விசாரிக்கலன்னு சொன்னேன் சார். உங்க பேரச் சொல்லல.”

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மன்னிச்சுக்கம்மா என்றோ, எனக்குத் தெரியாமல் உளறிவிட்டேன் என்றோ. நான் சொன்னது இது: “பழனியா இருக்கலாம்னுதானேம்மா சொன்னேன்? நீ அத உறுதின்னு எடுத்துக்கிட்டியா?”

அந்தப் பக்கம் சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு “சரி சார்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவள் முன்பே அனுப்பியிருந்த ஆய்வேட்டின் பிரதி என் மேஜையில்தான் கிடந்தது. நன்றியுரையில் மூன்றாவது பெயர் என்னுடையது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். உறையின் படத்தை முழுசாக அச்சிட்டிருந்தாள். நீலப் பேனா, என் கையெழுத்து, ‘மிருதங்கம்: பழனி’. ‘லாம்’ எங்கேயும் இல்லை. அவளிடமும் அந்தப் படம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் “சரி சார்” என்று சொல்லியிருப்பாள்.