ஆக்ஸிலைப் பிரிக்காதீர்கள், மாற்றுங்கள்

வீட்டு வாசலில் நிற்கும் எஸ்யூவியின் டிரைவ் ஷாஃப்ட்டை நாமே மாற்றலாமா என்று கேட்டால், மாற்றலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜாயிண்ட்டைக் கழற்றி உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கும் வேலையை வீட்டில் தொடக்கூடாது. கிரெட்டா, பிரெஸ்ஸா போன்ற குடும்ப வண்டிகளில் இன்ஜின் குறுக்குவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியை இழுப்பவை முன்சக்கரங்கள். கியர்பாக்ஸிலிருந்து அந்தச் சக்கரங்களுக்குப் போகும் இரண்டு தண்டுகளைத்தான் மெக்கானிக்குகள் ஆக்ஸில் என்கிறார்கள். தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரப்பர் பூட், அதற்குள் கிரீஸ். ஆக்ஸிலின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த ரப்பர்தான்.

‘முழுசாக ஏன் மாற்றணும், கெட்டதை மட்டும் மாற்றினால் போதாதா?’ என்ற கேள்வி நம் ஊரில் உடனே வரும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அம்பாசடர், ஜீப் காலத்தில் பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோனது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். அதில் தேய்வது மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டான கிராஸ். நான்கு சர்க்கிளிப்பைக் கழற்றி, பெஞ்ச் வைஸில் பிடித்து, சுத்தியலால் தட்டிப் புதிய கிராஸைப் போட்டுவிடலாம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே முடிந்த வேலை அது. பொலேரோவில் இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். 1983-இல் மாருதி 800 வந்தபோது முன்சக்கர இழுவையும் சாதாரணக் குடும்பங்களுக்குள் வந்தது. அதனுடன் வந்த, ஆக்ஸிலின் முனையில் இருக்கும் சிவி ஜாயிண்ட் வேறு சாதி. ஆல்ஃபிரெட் ர்செப்பா என்பவர் 1920-களில் உருவாக்கிய அமைப்பு அது: வெளிமுனையில் ஆறு எஃகுக் குண்டுகள், நுணுக்கமாகக் கடையப்பட்ட பள்ளங்களில் ஓடுகின்றன. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் சக்கரம் சீரான வேகத்தில் சுற்றுவது இதனால்தான். கிராஸ் கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது. பூட் கிழிந்து மணல் உள்ளே போனால், கிரீஸே தேய்க்கும் பசையாகி அந்தப் பள்ளங்களை அரித்துவிடும். நம் வீட்டு வாசலில் குறைவில்லாமல் கிடைப்பதும் தூசிதான். முழு ஆக்ஸிலாக வாங்கினால் ஜாயிண்ட், கிரீஸ், பூட் எல்லாம் மூடியபடியே வருகின்றன. தூசிக்கு வழியே இல்லை.

எந்த முனை போயிற்று என்பதைச் சத்தமே சொல்லும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் வெளி ஜாயிண்ட். நேராக ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வண்டி அதிர்கிறது என்றால் உள் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் வீல் பேரிங்காக இருக்கக்கூடும். அதற்காக ஆக்ஸிலை வாங்கிவிடாதீர்கள். ரிம்மின் உட்புறத்தில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்தாயிற்று என்று பொருள்.

வேலையைப் பார்த்தால், ஆக்ஸிலைப் பிடித்திருப்பவை இரண்டே: வெளியே ஹப் நட், உள்ளே கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னச் சர்க்கிளிப். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேரும் வழி. சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நட்டின் மடிப்பை நிமிர்த்தி முதல் இளக்கலைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டை விடுவித்தால் ஹப்பை வெளியே சாய்க்க இடம் கிடைக்கும். பிரேக் காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. ஏபிஎஸ் ஒயரும் இழுபடக்கூடாது. உள்முனையைக் கடப்பாரைபோன்ற சிறு கம்பியால் நெம்பும்போது தண்டின் நடுவைப் பிடித்து இழுத்தால் ஜாயிண்ட் பூட்டுக்குள்ளேயே கழன்றுவிடும். ஜாயிண்ட்டின் உடலைத்தான் நெம்ப வேண்டும். வெளியே வந்ததும் கியர் ஆயில் கொட்டும், பாத்திரம் வையுங்கள். புதியதைச் செருகும்போது தண்டின் பற்கள் ஆயில் சீலின் உதட்டைக் கீறிவிட்டால் அடுத்த வாரமே ஒழுகும். சர்க்கிளிப் பிடித்துக்கொண்டதைக் கைக்கே தெரியும் ஒரு ‘டக்’ சொல்லும். ஜாயிண்ட்டின் உடலைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது.

கூலியே குறைவு, இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பார்கள். நம் ஊரில் அது நியாயமான கேள்வி. மிச்சமாகும் பணம் பெரிதல்ல, கருவி வாங்கினால் முதல் முறை நஷ்டமே. ஆனால் ஹப் நட்டுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் பல வண்டிகளில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், சக்கர நட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வீல் பேரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது அந்த இறுக்கம்தான். அவசரத்தில் ஏர் கன்னால் கண்மதிப்பாக இறுக்கிவிடும் பட்டறைகள் உண்டு. டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர் அளவோடு இறுக்குவார். மலிவான ஆக்ஸில் ஒரிஜினலுக்கு ஈடாகுமா என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. பாதியை ஒத்துக்கொள்கிறேன்: சத்தம் வராமல் பூட் மட்டும் கிழிந்திருந்தால், பட்டறையில் புதுப் பூட் போட்டு ஒரிஜினலைக் காப்பாற்றுவதே மேல். சத்தம் வந்தபின் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆபத்து என்பவர்களிடம் வாதமே இல்லை. சமதளமான சிமென்ட் தரையும் ஸ்டாண்டும் இல்லாவிட்டால் பட்டறைக்கே போங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது.

இடது வலது ஆக்ஸில்களின் நீளம் வேறுபடும், பற்களின் எண்ணிக்கையும் மாடலுக்கு மாடல் மாறும். பழையதன் பக்கத்தில் புதியதை வைத்துப் பார்த்துவிட்டே செருகுங்கள். ஹப் நட் தளர்ந்த நிலையில் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டாதீர்கள், பேரிங் போய்விடும். மடித்துப் பூட்டும் நட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது. புது நட்டு, ஆயில் சீல், கியர் ஆயில் மூன்றும் கைக்கு வந்த பிறகு ஜாக்கியை எடுங்கள்.