மாமல்லபுரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

அடுத்த தடவை மாமல்லபுரம் போகும்போது, கட்டுசாத மூட்டையோடு ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்குப் படம் போடத் தெரியாதே!" என்கிறீர்களா? தினம் கோலம் போடுகிற கைக்குக் கோடு இழுக்கச் சொல்லித்தர வேண்டுமா, என்ன?

அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே நின்று, யானைகளைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று அங்கே இருக்கிறது. அதை வரைந்து பாருங்கள். கழுத்து எங்கே வளைகிறது, கால் எப்படி மடங்குகிறது என்று பென்சில் கேட்கக் கேட்கத்தான், 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி உயிருள்ள மானை எவ்வளவு உற்றுப் பார்த்திருப்பான் என்பது விளங்கும். 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஓவியர் சில்பியும் கோயில் கோயிலாகப் போய், சிலைகளின் எதிரே உட்கார்ந்துதான் வரைந்தார்.

படம் கோணலாக வந்தால் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தர்மராஜ ரதத்தின் அடிப்பாகம் முடிவுறாமலே நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள் என்பதை அதுதானே நமக்குக் காட்டிக் கொடுக்கிறது? உங்கள் கோணல் பக்கமும் அப்படித்தான். கை எங்கே தடுமாறியது என்று நாளைக்குச் சொல்லும்.

ஊர் திரும்பியதும் நோட்டைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். தினம் பத்து நிமிஷம், ஒரு பக்கம், மூலையில் தேதி. இன்றைக்கு அரிவாள்மணை; நாளைக்கு வெயிலில் படுத்திருக்கும் பூனை; மறுநாள் தூங்கும் குழந்தையின் கை.

அந்தக் கையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கல் மான் காத்திருக்கும். குழந்தையின் கை அடுத்த வருஷம் அத்தனை சின்னதாக இருக்காது!